புதுத் தொட்டியில் நீர்ச்செடிகள் நிலைகொள்ள: முதல் இரண்டு மாதங்கள்

மீன் தொட்டியில் முதன்முதலாக உயிருள்ள செடி வைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில்தான் மனம் தளர்கிறார்கள். வாங்கி வந்த அன்று பச்சைப்பசேலென்று நின்ற செடி மெல்ல மஞ்சளாகிறது. இலை மெலிந்து, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நிலைக்கு வந்து, தொட்டால் கையோடு வந்துவிடுகிறது. செடி செத்துவிட்டது என்று முடிவுகட்டிப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். அப்படி எறியப்படும் செடிகளில் பல அந்த நேரத்தில் உயிரோடுதான் இருக்கின்றன. இன்னும் இரண்டு வாரம் தொடாமல் விட்டிருந்தால் அடியிலிருந்து புதுக் குருத்து வந்திருக்கும்.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும். விற்பனைக்கு வரும் நீர்ச்செடிகளில் பெரும்பாலானவை தண்ணீருக்குள் வளர்ந்தவை அல்ல. பண்ணைகளில் வேர் மட்டும் ஈரத்தில் இருக்க, இலைகளைக் காற்றில் விட்டு வளர்க்கிறார்கள். அப்படிச் செய்தால் செடி வேகமாக வளர்கிறது, பாசி பிடிப்பதில்லை, அனுப்புவதும் எளிது. காற்றில் விரிந்த இலைக்கு ஈரம் வெளியேறாமல் காக்க மேலே மெழுகுப் படலம் உண்டு. வாயுவை உள்ளிழுக்க இலைத்துளைகள் உண்டு. அதே இலை தண்ணீரில் மூழ்கியதும் இந்த இரண்டும் பயனற்றுப் போகின்றன. தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவுகிறது. தடித்த, மெழுகு பூசிய இலையால் அதைப் பிடித்து வாழ முடியாது. ஆகவே செடி தண்ணீருக்கு ஏற்ற மெல்லிய இலைகளைப் புதிதாக உருவாக்கத் தொடங்குகிறது. பழைய ஓட்டு வீட்டைப் பிரித்து அதே மரத்தில் புது வீடு கட்டுவதுபோல, பழைய இலையில் இருக்கும் சத்தை உறிஞ்சியே புது இலையைக் கட்டுகிறது.

ரோட்டாலா ரொட்டண்டிஃபோலியாவை வைத்துப் பார்த்தால் இது கண்ணெதிரே தெரியும். வாங்கும்போது தண்டு முழுவதும் சின்னஞ்சிறு வட்ட இலைகள். நட்ட சில நாட்களில் அதே தண்டின் உச்சியில் முளைப்பவை குறுகி, நீண்டு, ஈட்டிமுனை வடிவில் வரும். தண்டில் எந்தக் கணுவில் செடி தண்ணீருக்குள் வாழத் தொடங்கியது என்பதை விரல் வைத்துக் காட்டிவிடலாம். வாட்டர் விஸ்டீரியா இன்னும் வேடிக்கை: காற்றில் பல் ஓரம் கொண்ட முழு இலை, தண்ணீரில் ஆழமாகப் பிளந்த சரிகை இலை. ஒரே செடி என்று சொன்னால் நம்பவே தோன்றாது.

எனவே இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே அடிப்படைதான். பழைய இலையை வைத்துச் செடியின் நலத்தைத் தீர்மானிக்காதீர்கள். குருத்தைப் பாருங்கள், வேரைப் பாருங்கள். இரண்டிலிருந்து ஆறு வாரம் வரை செடிக்கு அவகாசம் கொடுங்கள்.

வாங்கும்போதே கவனிக்க வேண்டியவை

முதலில், அது நீர்ச்செடிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். லக்கி பேம்பூ, மோண்டோ புல், டைஃபன்பேக்கியா, சிங்கோனியம், பீஸ் லில்லி, ஊதா நிற இலைகொண்ட ஹெமிகிராஃபிஸ் போன்ற தரைச்செடிகளையும் மீன் தொட்டிக்கென்று விற்கிறார்கள். அவை சில வாரங்கள், சில வேளை ஓரிரு மாதங்கள்கூட மூழ்கிய நிலையில் தாக்குப்பிடிக்கும். பிறகு அழுகும். எவ்வளவு கவனித்தாலும் காப்பாற்ற முடியாது. லக்கி பேம்பூ, சிங்கோனியம் ஆகியவற்றின் வேரை மட்டும் தண்ணீரில் விட்டு இலையை வெளியே நிறுத்தினால் நன்றாக வளரும்; அப்படி வைக்க விரும்பினால் வாங்கலாம். பெயர் தெரியாத செடியை வாங்காமல் இருப்பதே நல்லது. பெயர் தெரிந்தால்தான் எப்படி நடுவது என்பது தெரியும்.

தொட்டி புதிதென்றால் முதல் நாளே நிறையச் செடி வையுங்கள். இரண்டு மூன்று தண்டை வைத்துப் பார்க்கலாம், பிழைத்தால் மேலும் வாங்கலாம் என்ற எண்ணம் புரிகிறது; ஆனால் அது எதிர்மாறான பலனைத் தருகிறது. செடி குறைவாக இருக்கும் தொட்டியில் மிஞ்சும் வெளிச்சத்தையும் சத்தையும் பாசி எடுத்துக்கொள்ளும். தரைப்பரப்பில் பாதிக்கு மேல் முதல் நாளிலேயே செடியால் நிறைந்திருப்பது பாதுகாப்பு. அதிலும் வேகமாக வளரும் தண்டுச் செடிகள் கட்டாயம் வேண்டும். ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா, வாட்டர் விஸ்டீரியா, லுட்விஜியா, நீர்ப்பிரம்மி, ஹார்ன்வோர்ட் ஆகியவை தண்ணீரில் சேரும், மீனுக்கு நஞ்சான அம்மோனியாவை நேரடியாக உறிஞ்சக்கூடியவை. பிறகு அவற்றைப் படிப்படியாக எடுத்துவிட்டு உங்களுக்குப் பிடித்த செடிகளுக்கு இடம் கொடுக்கலாம்.

தண்டு முறிந்திருக்கிறதா, நுனிக் குருத்து கறுத்திருக்கிறதா, வேர் வெண்மையாகவோ இளம்பழுப்பாகவோ உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். இலையில் ஓரிரு ஓட்டை இருந்தால் பரவாயில்லை. எப்படியும் அந்த இலை உதிரப்போகிறது.

மூடிய கிண்ணத்தில் ஜெல்லில் வளர்த்த திசு வளர்ப்புச் செடிகளும் கிடைக்கின்றன. அவற்றில் நத்தை, பாசி, பூச்சிமருந்து எதுவும் இருக்காது. இறால் வளர்க்க நினைப்பவர்களுக்கு இவையே நிம்மதி. ஆனால் அவை மிகவும் இளம் செடிகள்; முதல் வாரங்களில் அதிகம் வாடும். தொட்டியில் ஏற்கெனவே தண்ணீருக்குள் வளர்ந்த செடியை யாராவது வெட்டிக் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். காற்றிலிருந்து நீருக்கு மாறும் சிரமத்தை அது ஏற்கெனவே கடந்துவிட்டது.

தரையும் விளக்கும் தண்ணீரும்

அடிமண் 5 முதல் 7 சென்டிமீட்டர் வரை இருக்கட்டும்; பின்புறம் சற்றே உயரமாகச் சரித்துவிட்டால் ஆழமான வேர்களுக்கு இடம் கிடைக்கும். 2 முதல் 4 மில்லிமீட்டர் சரளை நல்லது. பெரிய கூழாங்கல்லில் வேர் பிடிமானம் கிடைக்காது. மாவுபோன்ற மணல் இறுகிப்போய் வேருக்கு மூச்சு முட்டும். சரளையிலும் மணலிலும் சத்து இல்லை என்பதால் வேர்வழி உண்ணும் செடிகளின் அடியில் உர மாத்திரை புதைக்க வேண்டியிருக்கும். சத்து ஏற்றிய அக்வா சாயில் வகை மண் செடிக்கு விருந்து. ஆனால் அவற்றில் பல முதல் சில வாரங்கள் அம்மோனியாவை வெளிவிடும். அந்தக் காலத்தில் மீன் விடக் கூடாது, அடிக்கடி தண்ணீர் மாற்ற வேண்டும். முதல் தொட்டிக்குச் சரளையும் உர மாத்திரையுமே போதும் என்பது என் கருத்து.

விளக்கு விஷயத்தில் எல்லோரும் அதிகமாகக் கொடுத்துத்தான் தவறு செய்கிறார்கள். 6500 கெல்வின் அளவிலான வெள்ளை எல்.இ.டி. விளக்கு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 30 லூமென் என்ற கணக்கில் இருந்தால் எளிய செடிகள் எல்லாம் வளரும். சாதாரண டைமர் ஒன்று பொருத்திவிடுங்கள். நினைவு வைத்து விளக்கை அணைப்பது நடக்காத காரியம். ஜன்னல் வழியே நேர்வெயில் விழும் இடத்தில் தொட்டியை வைக்காதீர்கள்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கும் திரவத்தைச் சேருங்கள். வெப்பநிலை 22 முதல் 28 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கட்டும். பி.எச். 6.5-க்கும் 7.5-க்கும் இடையில் இருந்தால் அதைப்பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கழுவிச் சுத்தம் செய்தல்

சிறு தொட்டியில் வரும் செடிகளின் வேரைச் சுற்றிப் பஞ்சுபோன்ற ராக்வுல் இருக்கும். அதை அப்படியே புதைக்கக் கூடாது. பிளாஸ்டிக் தொட்டியைக் கத்தரியால் வெட்டித் திறந்து, தண்ணீருக்குள் வைத்து, விரலாலும் இடுக்கியாலும் பஞ்சைப் பிய்த்து எடுங்கள். வேர் சிறிது அறுந்தால் பரவாயில்லை. நீண்ட வேர்களை 3 முதல் 5 சென்டிமீட்டருக்கு வெட்டிவிடுவது நடவுக்கும் வசதி, புது வேர் கிளம்பவும் தூண்டுதல். திசு வளர்ப்புச் செடியின் ஜெல்லை ஓடும் தண்ணீரில் முழுவதுமாகக் கழுவ வேண்டும். மிச்சம் இருந்தால் அதில் பூஞ்சை பிடிக்கும்.

இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒளி புகும் சின்ன ஜெல்லித் துளிகள் ஒட்டியிருந்தால் அவை நத்தை முட்டைகள். நகத்தால் சுரண்டி எடுத்துவிடலாம். நத்தை வரவே கூடாது என்பவர்கள் லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி படிகாரம் கரைத்த தண்ணீரில் இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, பிறகு நன்றாக அலசலாம். ஒரு பங்கு பிளீச்சுக்கு இருபது பங்கு தண்ணீர் கலந்து ஒன்றரை நிமிடம் முக்கி எடுக்கும் முறையும் உண்டு. அனுபியாஸ் போன்ற கெட்டி இலைச் செடி அதைத் தாங்கும். வாலிஸ்னேரியா, ஹார்ன்வோர்ட், ஜாவா மோஸ் போன்ற பாசிச் செடிகள் தாங்கா. புதியவர்களுக்கு நான் பிளீச்சைப் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே வாழ்க்கை மாற்றத்தில் தவிக்கும் செடிக்கு இது இன்னொரு அடி. சில நத்தைகள் வந்தால் அழுகும் இலைகளைத் தின்று உதவியே செய்யும்.

இறால் இருக்கும் தொட்டிக்கு மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பண்ணைச் செடிகளில் பூச்சிமருந்து ஒட்டியிருந்தால் மீனுக்கு ஒன்றும் ஆகாத அளவே இறாலைக் கொன்றுவிடும். ஒரு வாளியில் செடிகளை ஒரு வாரம் ஊறவைத்துத் தினமும் தண்ணீரை மாற்றிய பிறகே தொட்டிக்குள் விடுங்கள். வாளிக்குச் சிறிது வெளிச்சம் கிடைக்கட்டும்.

நடவு

தொட்டியை முழுவதும் நிரப்பிவிட்டு முழங்கை வரை கையை விட்டு நடுவதைவிட, மண் நனைந்து மேலே சில சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும்போதே நடுவது எளிது. வேலை முடியும்வரை இலைகள் காயாமல் அவ்வப்போது தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். நீண்ட இடுக்கி ஒன்று இருந்தால் வேலை பாதியாகக் குறையும். நட்டு முடித்ததும் ஒரு தட்டை வைத்து அதன்மேல் தண்ணீரை மெல்ல ஊற்றி நிரப்புங்கள். இல்லையென்றால் நட்டதெல்லாம் மிதக்கும்.

செடியின் வகையைப் பொறுத்து நடும் முறை அடியோடு மாறும். முதல் மாதத்தில் சாகும் செடிகளில் பல, நட்ட முறையாலேயே சாகின்றன.

தண்டுச் செடிகள் கட்டாக, ஈய வளையமோ ரப்பரோ சுற்றி வரும். கட்டாகவே நட்டால் நடுவில் வெளிச்சம் படாமல் அடித்தண்டுகள் அழுகும். கட்டைப் பிரித்து, நசுங்கிய அடிப்பகுதியை வெட்டி எறிந்து, அடியில் இரண்டு மூன்று கணுக்களின் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒவ்வொரு தண்டாக ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் செருகுங்கள். மண்ணுக்குள் போன கணுக்களிலிருந்துதான் வேர் வரும். இடுக்கியைச் சற்றுச் சாய்வாக உள்ளே விட்டு, பிடியைத் தளர்த்தி, இலேசாக அசைத்தபடி வெளியே எடுத்தால் தண்டு உள்ளேயே நிற்கும். முதலில் பலமுறை மேலே வரத்தான் செய்யும், கை பழகிவிடும்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், புசெபலாண்ட்ரா ஆகிய மூன்றுக்கும் கிடையாகப் படரும் தடித்த கிழங்குத்தண்டு உண்டு. இலைகள் மேலே, வேர்கள் கீழே அதிலிருந்துதான் கிளம்பும். அந்தத் தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ மரக்கட்டையிலோ பருத்தி நூலால் கட்டுங்கள். அல்லது ஜெல் வடிவ சூப்பர் குளூவை ஒரு துளி வைத்து ஒட்டுங்கள். சயனோஅக்ரிலேட் பசை தண்ணீரில் உடனே இறுகிவிடும், மீன்களுக்குத் தீங்கில்லை. சில வாரங்களில் வேர் தானாகவே கல்லைப் பற்றிக்கொள்ளும். ஜாவா மோஸையும் இதேபோல் மெல்லிய படலமாகப் பரப்பிக் கட்டவேண்டும். கனமான உருண்டையாகக் கட்டினால் உட்புறம் பழுப்பாகும்.

அமேசான் ஸ்வோர்டு, கிரிப்டோகோரைன், வாலிஸ்னேரியா போன்றவற்றில் எல்லா இலைகளும் ஒரே இடத்திலிருந்து விரியும். வேரும் இலையும் சந்திக்கும் அந்த வெளிறிய கழுத்துப் பகுதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். நல்ல வழி: சற்று ஆழமாகவே நட்டுவிட்டு, பிறகு கழுத்து வெளியே வரும்வரை மெல்ல மேலே இழுங்கள். வேர்களும் கீழ்நோக்கி நேராகும். அமேசான் ஸ்வோர்டு பெரும்பசிக்காரச் செடி. வேருக்கு அருகே உர மாத்திரை வைக்காவிட்டால் சில மாதங்களில் வெளிறிவிடும்.

கிழங்காக வரும் அல்லி வகைகளையும் அபோனோகெட்டனையும் முழுக்கப் புதைக்காமல் மேற்பகுதி தெரியும்படி வையுங்கள். ஹார்ன்வோர்ட்டுக்கு வேரே கிடையாது. மிதக்கவிட்டால் போதும். வந்த புதிதில் ஊசி இலைகளைக் கொட்டி வடிகட்டியை அடைக்கும். சில நாட்களுக்கு ஒருமுறை வடிகட்டியின் வாயைப் பார்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

முதல் மூன்று வாரங்கள்

விளக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரம் மட்டும் எரியட்டும். வேர்பிடிக்காத, இலை மாற்றிக்கொண்டிருக்கும் செடியால் அதிக வெளிச்சத்தைப் பயன்படுத்த முடியாது, பாசியால் முடியும். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு புதுக் குருத்துகள் வரத் தொடங்கியதும் வாரத்துக்கு அரை மணி நேரமாகக் கூட்டி 8 மணி நேரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

தண்ணீரை முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை மாற்றுங்கள். அக்வா சாயில் போட்டிருந்தால் இன்னும் அடிக்கடி. உதிரும் இலைகள் அழுகி அம்மோனியாவாக மாறும். புதுத் தொட்டியில் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை அந்த வேலையில் ஒரு பகுதியை நீங்கள்தான் வாளியால் செய்ய வேண்டும்.

இந்தக் காலத்தில் செடியைப் பிடுங்கி வேர் வந்துவிட்டதா என்று பார்க்காதீர்கள். இடம் மாற்றி நடாதீர்கள். புதிதாகக் கிளம்பும் வேர் முனைகள் மயிரிழை அளவு மெல்லியவை. ஒருமுறை பிடுங்கினால் அத்தனையும் அறுந்து செடி மறுபடியும் தொடக்கத்துக்கே போய்விடும். தண்டை விரலால் இலேசாகத் தொட்டுப் பாருங்கள். அசையாமல் எதிர்த்து நின்றால் வேர்பிடித்துவிட்டது.

இலை கரையும்போது என்ன செய்வது

இங்கேதான் பொறுமை தேவை. இலை உதிர்வது ஒவ்வொரு செடியிலும் ஒவ்வொரு விதம்.

கிரிப்டோகோரைன்தான் அதிகம் பயமுறுத்தும். நேற்று முழுச் செடியாக இருந்தது, இரண்டு மூன்று நாளில் எல்லா இலைகளும் கூழாகிக் கரைந்துபோய்ச் சில காம்புகள் மட்டும் மிஞ்சும். உங்கள் தொட்டியிலேயே நெடுநாள் வாழ்ந்த செடிகூட, இடம் மாற்றினாலோ வெளிச்சமும் தண்ணீரும் சட்டென மாறினாலோ இப்படிக் கரையும். கரைந்த இலைகளை அடியோடு கத்தரித்து எடுத்துவிட்டு, வேரை அப்படியே விட்டுவிடுங்கள். மூன்று நான்கு வாரங்களில் அதே இடத்தில் சுருண்ட சிறு குருத்துகள் மண்ணைத் துளைத்துக்கொண்டு வரும். அந்த இலைகள் உங்கள் தொட்டிக்கென்றே பிறந்தவை. அவ்வளவு எளிதில் கரையாது.

தண்டுச் செடிகளில் கீழ் இலைகள் முதலில் போகும். உச்சி பச்சையாக, புது இலை வடிவத்தோடு வளர்ந்துகொண்டிருந்தால் கவலையில்லை. உச்சி 7, 8 சென்டிமீட்டர் நீண்டதும் அதை மட்டும் வெட்டி மறுபடி நட்டுவிட்டு, அலங்கோலமான அடித்தண்டை அகற்றலாம். அப்போதுதான் முழுக்க நீரில் பிறந்த செடி உங்கள் கைக்கு வருகிறது. உச்சியே கறுத்துக் குழைந்தால் தண்டில் நல்ல கணு எங்கே இருக்கிறது என்று தேடி, அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். கணுவிலிருந்து பக்கக்கிளை வர வாய்ப்புண்டு.

வாலிஸ்னேரியா பழைய நாடா இலைகளை எல்லாம் இழந்து ஒரு விரல் உயரக் குட்டைச் செடியாக நிற்கும். நடுவே புது நாடா ஒன்று எட்டிப் பார்த்தால் போதும். ஓரிரு மாதத்தில் அடியில் ஓடுதண்டு விட்டுத் தொட்டியின் பின்புறம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

ஜாவா ஃபெர்னின் இலை அடியில் வரிசையாகக் கரும்பழுப்புப் புள்ளிகள் வந்தால் நோய் என்று எண்ணி வெட்டிவிடாதீர்கள். அவை வித்துப்பைகள். பழைய இலையின் ஓரத்திலும் நுனியிலும் பழுப்பு வேரோடு குட்டிச் செடிகள் முளைப்பதையும் பார்ப்பீர்கள். சற்று வளரவிட்டுப் பறித்து வேறு கல்லில் கட்டலாம்.

அப்படியானால் உண்மையிலேயே சாகும் செடியை எப்படி அறிவது? கைதான் சொல்லும். கிழங்குத்தண்டை இரு விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் ஓர் இலைகூட இல்லாவிட்டாலும் உயிர் இருக்கிறது. குழைந்து, துர்நாற்றம் வீசினால் அந்தப் பகுதி போய்விட்டது. கெட்டியான இடம் வரை வெட்டி மிச்சத்தைக் காப்பாற்றுங்கள். கழுத்திலும் இதே சோதனைதான். கழுத்து கருகி வேரிலிருந்து கழன்று வந்தால் அந்தச் செடிக்கு இனி வழியில்லை. எடுத்துவிடுங்கள்.

பாதி மஞ்சளான இலையை உடனே வெட்ட வேண்டுமா? என் வழக்கம் இது: இன்னும் பச்சை மிச்சமிருந்தால் விட்டுவிடுவேன், செடி அதிலிருந்து சத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கும். ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிந்ததும், குழைந்ததும் அன்றே எடுத்துவிடுவேன்.

உரமும் கார்பன் டை ஆக்சைடும்

நட்ட முதல் வாரம் திரவ உரம் வேண்டாம். இரண்டாம் வாரத்திலிருந்து புட்டியில் சொன்ன அளவில் கால் பங்கு அல்லது அரைப் பங்கு தொடங்கி, புது இலைகள் பெருகப் பெருகக் கூட்டுங்கள். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், இரும்பு, நுண்சத்துகள் எல்லாம் சேர்ந்த உரமாக இருக்கட்டும். மீன் நிறைய இருக்கும் தொட்டியில் மீனின் கழிவே நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் கொடுத்துவிடும்.

சத்துக் குறைவு எது என்பதை இலையே காட்டும், நீங்கள் பார்க்க வேண்டியது பழைய இலையா புது இலையா என்பதை. நைட்ரஜன், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றைச் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்கு அனுப்பக்கூடியது. ஆகவே அவை குறைந்தால் அடியிலைகள் மஞ்சளாகும். பொட்டாசியம் குறைந்தால் அடியிலைகளில் ஊசியால் குத்தியதுபோன்ற துளைகள் விழுந்து பெரிதாகும். இரும்பை அப்படி நகர்த்த முடியாது. அது குறைந்தால் புதுக் குருத்து வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். ஆனால் இந்தச் சோதனையை முதல் மாதத்தில் செய்யாதீர்கள். அப்போது அடியிலை மஞ்சளாவது நீருக்கு மாறுவதாலேயே இருக்கும். அதைப் பசி என்று நினைத்து உரத்தைக் கொட்டினால் பலன் பாசிக்குத்தான்.

கார்பன் டை ஆக்சைடு உருளை இல்லாமல் அழகான தொட்டி அமைக்க முடியுமா? முடியும். மேலே பெயர் சொன்ன செடிகளில் பெரும்பாலானவை அது இல்லாமலே வளரும், கொஞ்சம் மெதுவாக. தரைவிரிப்பாகப் படரும் செடிகளுக்கும் சிவப்பு இலைச் செடிகளுக்கும்தான் அது பெரிதும் தேவை. வைப்பதென்றால் விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே தொடங்கி, விளக்கு அணையும்போது நிறுத்துங்கள். லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் இலக்கு. அந்த அளவை நிறத்தால் காட்ட, தொட்டிக்குள் ஒட்டும் டிராப் செக்கர் என்ற சிறு கருவி நீலமாக இருந்தால் குறைவு, பச்சை சரி, மஞ்சளானால் மீனுக்கு ஆபத்து. மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து நின்றால் உடனே வாயுவை நிறுத்தி, காற்றுக்குமிழி விடுங்கள்.

திரவக் கார்பன் என்ற பெயரில் விற்கும் புட்டிகளில் பெரும்பாலும் குளுடரால்டிஹைடு என்ற கிருமிநாசினிதான் இருக்கிறது. வாலிஸ்னேரியா அதில் கரைந்துபோகும் என்பது செடி வளர்ப்பவர்கள் நன்கறிந்த விஷயம். புதுச் செடிகள் நிலைகொள்ளும்வரை அதைத் தொடவே வேண்டாம்.

பாசி வரும், வரட்டும்

இரண்டாம் மூன்றாம் வாரத்தில் கண்ணாடியிலும் இலையிலும் பழுப்புத் தூள் படியும். விரலால் துடைத்தால் போய்விடும். இது டயாட்டம் என்னும் பாசி. புதுத் தொட்டிகளில் அநேகமாக எல்லோரும் சந்திப்பது. தொட்டி முதிர்ந்ததும் தானாக மறையும். தண்ணீர் மாற்றும்போது இலைகளை விரலிடுக்கில் மெல்ல வழித்துவிடுங்கள். பச்சை நூல்போன்ற பாசி வந்தால் பழைய பல்துலக்கியால் சுற்றி எடுத்துவிட்டு, விளக்கு நேரத்தை ஒரு மணி குறையுங்கள். அனுபியாஸ் மெதுவாக வளர்வதால் அதன் இலைமேல் பாசி படிய நிறைய நேரம் கிடைக்கிறது. விளக்குக்கு நேர் கீழே வைக்காமல் மற்றச் செடிகளின் நிழலில் வையுங்கள். மருந்து ஊற்றிப் பாசியைக் கொல்ல முனையாதீர்கள். பல மருந்துகள் இளம் செடியையும் சேர்த்தே தாக்கும்.

மிதக்கும் செடிகள் நல்ல துணை. காற்றிலிருந்து நேரடியாகக் கார்பன் டை ஆக்சைடு எடுப்பதால் வேகமாக வளர்ந்து, மிஞ்சிய சத்தை உறிஞ்சும். பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பரவவிடாமல் வாரந்தோறும் அள்ளிவிடுங்கள். இல்லையேல் கீழே இருளாகிவிடும்.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யத்துக்கு வந்தபின் சில சிறு மீன்களையும், ஜப்பானிய நீர்ச்செடித் தொட்டிக் கலைஞர் தகாஷி அமானோவின் பெயரால் அழைக்கப்படும் அமானோ இறால்களையும் விடலாம். நூல்பாசியை இவ்வளவு ஆர்வமாகத் தின்னும் உயிரைக் காண்பது அரிது. தங்கமீன்கள் மென்மையான இலைகளைத் தின்னும், நட்டதைக் கிளறும். அவற்றோடு அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் மட்டுமே ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: விளக்கு நேரம், அல்லது உரம், அல்லது தண்ணீர் மாற்றும் அளவு. மாற்றிவிட்டு இரண்டு வாரம் பொறுத்து, குருத்தில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். நட்ட அன்றும் பிறகு வாரம் ஒருமுறையும் ஒரே கோணத்தில் புகைப்படம் எடுத்து வைத்தால், தினமும் பார்ப்பதால் கண்ணுக்குத் தெரியாமல் போகும் வளர்ச்சி தெரியவரும்.

முதல் கத்தரிப்பு

ஐந்தாறு வாரத்தில் தண்டுச் செடிகள் நீர்மட்டத்தைத் தொட்டிருக்கும். மனம் வராது, ஆனாலும் பாதி உயரத்தில் வெட்டுங்கள். கூர்மையான கத்தரி வேண்டும். மழுங்கிய கத்தரி தண்டை நசுக்கி அழுகவைக்கும். கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் அங்கிருந்து இரண்டு கிளைகள் வரும். வெட்டிய நுனிகளை இடைவெளிகளில் நட்டால் காசில்லாமல் தொட்டி நிறையும். ஒரே நாளில் எல்லாச் செடிகளையும் வெட்டாதீர்கள். சத்தை உறிஞ்சும் இலைகள் திடீரெனக் குறைந்தால் பாசி முந்திக்கொள்ளும். பாதியை இந்த வாரம், மீதியை அடுத்த வாரம் வெட்டலாம். அன்று தண்ணீரையும் பாதி மாற்றிவிடுங்கள்.

மிஞ்சிய தண்டுகளைப் புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்குக் கொடுங்கள். கொடுக்க ஆளில்லை என்றால் ஏரி, குளம், வாய்க்கால், சாக்கடை எதிலும் போடக் கூடாது. தொட்டிச் செடிகளில் கபோம்பா, சால்வினியா, ஹைட்ரில்லா போன்றவை தாயகம் அல்லாத நீர்நிலைகளில் ஒரு துண்டிலிருந்தே பெருகி, அங்குள்ள செடிகளையும் மீன்களையும் ஒழித்துக்கட்டியிருக்கின்றன. வெயிலில் பரப்பி மொறுமொறுவென்று காயவிட்ட பிறகு உரக்குழியில் போட்டுவிடுங்கள்.